பி.டி. பீரியடில் சண்டை எங்கே தொடங்குகிறது? நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை விளையாட வைக்கும் வழி

45 நிமிட பி.டி. பீரியட், 40 பிள்ளைகள், அவர்களில் இரண்டு மூன்று பேர் எதற்கும் அடங்காதவர்கள். அந்த மூன்று பேரைச் சுற்றி நடக்கும் தள்ளுமுள்ளு, கெட்ட வார்த்தை, பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பது, கோபித்துக்கொண்டு கேட் பக்கம் ஓடுவது எல்லாவற்றையும் ஒரு வாரம் மணி பார்த்துக் குறித்துவையுங்கள். ஆட்டம் சூடாக ஓடும்போது வம்பு குறைவாகத்தான் இருக்கும். வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு வரும் வழியில், அணி பிரிக்கையில், வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கையில், அவுட்டா இல்லையா என்ற வாய்த்தகராறில், விசில் அடித்ததும் பந்தைத் திருப்பிக் கொடுக்கையில், தண்ணீர்க் குழாயடியில் என்று இந்த இடைவெளிகளில்தான் பெரும்பாலானவை நடக்கும். அதனால் பிள்ளையைத் திருத்தப் போகும் முன் பீரியடைத் திருத்த வேண்டும். கீழே சொல்லியிருப்பவை 6 முதல் 9ஆம் வகுப்பு வரை, ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர் மட்டும் இருக்கும் சாதாரணப் பள்ளியை மனதில் வைத்து எழுதியவை.

யார் இந்தப் பிள்ளைகள்

நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையில்லை. அது மருத்துவர் வேலை. ஆனால் ஒவ்வொரு வகையும் கிரவுண்டில் எப்படித் தெரியும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளை, நீங்கள் சொல்லும் மூன்று விஷயங்களில் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு ஓடத் தொடங்கிவிடும். அதில் திமிர் எதுவும் இல்லை; மீதி இரண்டும் காதில் தங்கவில்லை, அவ்வளவுதான். எதிர்த்துப் பேசும் பழக்கம் ஊறிப்போன பிள்ளைக்கு வேலை சிக்கலில்லை, பத்துப் பேர் முன்னால் அதை ஏவுவதுதான் சிக்கல். அதே வேலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் செய்துவிடுவான். வீட்டிலோ தெருவிலோ அடி வாங்கிப் பழகிய பிள்ளை, பின்னாலிருந்து யார் தொட்டாலும் திரும்பி அடிக்கும். பெண் பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். வாராவாரம் வயிற்று வலி என்று மரத்தடியில் உட்காரும் பெண்ணை ‘அமைதியான பிள்ளை’ என்று விட்டுவிடுகிறோம். அவளுக்கும் இதே கவனம் தேவை.

இன்னொரு காரணத்தை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை கை, கால், கண் ஒத்துழைப்பிலும் பின்தங்கியிருப்பார்கள். பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் ‘எனக்குப் பிடிக்க வரவில்லை’ என்று சொல்ல மாட்டான். பந்து வந்ததும் காலால் எத்தித் தூரத்துக்கு அனுப்புவான். எல்லோரும் திட்டுவார்கள், ‘கையாலாகாதவன்’ என்ற பெயரைவிட ‘ரவுடி’ என்ற பெயர் அவனுக்குப் பரவாயில்லை. இதைச் சோதிக்க 5 நிமிடம் போதும். தனியாகக் கூப்பிட்டு 3 மீட்டர் தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை 10 முறை மெதுவாக எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள். நொண்டி அடித்து 5 மீட்டர் போகச் சொல்லுங்கள். 10 வயதைத் தாண்டிய பிள்ளை 10 பந்தில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை, ஒற்றைக் காலில் தடுமாறுகிறது என்றால், நீங்கள் குறும்பு என்று நினைத்ததில் பாதி திறமைக் குறைவு. அதற்கு மருந்து கண்டிப்பு இல்லை. பெரிய மெத்துப் பந்து, குறைந்த தூரம், தினம் 20 பிடி.

முதல் 2 வாரம்: நோட்டில் மூன்று பத்தி

ஒரு 40 பக்க நோட்டு எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில், சம்பவத்துக்கு முந்தைய அரை நிமிடத்தில் என்ன நடந்தது. இரண்டாவதில், அவன் செய்தது என்ன. ‘அடாவடி பண்ணினான்’ என்று எழுதாதீர்கள். ‘வரிசையில் முன்னால் நின்றவனின் சட்டையை இழுத்தான், இரண்டு முறை’ என்று எழுதுங்கள். மூன்றாவதில், அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. எட்டுப் பத்துச் சம்பவம் சேர்ந்ததும் மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்.

ஒரு மாதிரி: வார்ம்-அப் ரவுண்டில் மற்றவர்களைக் காலை வாரி விடுகிறான், நீங்கள் ‘போய் வேப்பமரத்தடியில் உட்கார்’ என்கிறீர்கள். ஐந்து முறையும் இதே கதை. அவன் ஓட்டத்தில் கடைசியாக வருபவன் என்றால், அவன் தேடியதே அந்த நிழல்தான். தண்டனை என்று நினைத்து நாம் கொடுத்தது பரிசாகப் போய்விட்டது. இன்னொருவனுக்கு மரத்தடி வேண்டாம். எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும், நீங்கள் அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குப் பந்து வேண்டும். நான்காவது பிள்ளைக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த உடம்புக்கே சும்மா நிற்க முடியவில்லை. வெளியே தெரியும் செயல் ஒன்றாக இருந்தாலும் தேவை நான்கு விதம். தேவை எது என்று பிடிபடாமல் போடும் எந்தத் திட்டமும் பத்து நாளைக்கு மேல் நிற்காது.

வீட்டாரிடம் பேசும்போது மூன்று கேள்வி போதும்: காலையில் சாப்பிட்டு வருகிறானா, இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறான், மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா, எத்தனை மணிக்கு? மருந்து விஷயம் கிரவுண்டில் நேராகத் தெரியும். ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட் மாத்திரையில் சீக்கிரம் வேலை செய்து முடியும் வகை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். காலை 8 மணிக்குப் போட்டது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ‘காலையில் நல்லாத்தானே இருந்தான், 3 மணிக்கு என்ன ஆச்சு’ என்பதற்கு விடை பல சமயம் இதுதான். அந்த மாத்திரை பசியையும் குறைக்கும், நாடித்துடிப்பைக் கூட்டும். மதியச் சாப்பாட்டைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு வந்த பிள்ளையை 2 மணி வெயிலில் ஓடவிட்டால் தலைசுற்றும். கடும் எரிச்சலுக்கும் மூர்க்கத்துக்கும் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் தூக்கமும் எடையும் கூட்டும். வெயிலில் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனையும் குறைக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு நிழல், 10 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். அளவைக் கூட்டு, குறை என்று பெற்றோரிடம் நாம் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. பார்த்ததை எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

கிரவுண்டைத் தயார் செய்வது

திறந்த மைதானத்தில் ‘இதற்குள் விளையாடு’ என்று சொன்னால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புப் பொடியால் 20 மீட்டருக்கு 15 மீட்டர் கட்டம் போட்டு நான்கு மூலையிலும் கோன் வையுங்கள். கோன் இல்லையென்றால் மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும். கட்டத்தின் ஒரு ஓரத்தில் அரை மீட்டர் இடைவெளி விட்டு 1 முதல் 40 வரை எண் எழுதி ஆளுக்கொரு புள்ளி. இதற்கு ‘வீடு’ என்று பெயர் வைத்துவிடுங்கள்; ‘வீட்டுக்குப் போ’ என்றால் தன் புள்ளியில் போய் நிற்க வேண்டும். சண்டைக்கோழிகள் இருவரின் புள்ளிகளுக்கு நடுவே குறைந்தது 10 எண் இடைவெளி இருக்கட்டும். துடிப்பான பிள்ளையின் புள்ளி உங்களுக்கு அருகில், கேட்டுக்கும் குழாய்க்கும் எதிர்ப்பக்கம்.

கட்டத்துக்கு வெளியே, உங்கள் கண்ணில் படும்படி சுமார் 10 மீட்டர் தள்ளி, நிழலில் ஒரு ‘ஆறும் இடம்’ வேண்டும். தண்டனைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. கோபம் ஏறுகிறது என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் அங்கே போகலாம், 3 நிமிடம் இருக்கலாம், திரும்பி வரலாம். அங்கே சும்மா உட்கார வைத்தால் மண்டைக்குள் சண்டைதான் ஓடும். கைக்கு ஒரு வேலை வையுங்கள்: சுவரில் பந்தை 20 முறை தட்டிப் பிடிப்பது, மரத்தில் கட்டிய கயிற்றை இழுப்பது, இரு கையாலும் சுவரைத் தள்ளி 10 எண்ணுவது. தசை இறுக்கித் தளரும் இந்த வேலைகளில் பல பிள்ளைகள் சீக்கிரம் அடங்குகிறார்கள். முதலில் எல்லோரையும், நல்ல பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு முறை அங்கே போய்வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது ‘பைத்தியக்கார மூலை’ என்று பெயர் வாங்கிவிடும்; பிறகு யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

குண்டு, ஈட்டி, கிரிக்கெட் மட்டை, கிட்டிப்புள் ஆகியவை முதல் ஒரு மாதம் அறையிலேயே பூட்டியிருக்கட்டும். கிரவுண்டில் கிடக்கும் கல்லையும் உடைந்த கிளையையும் பீரியடுக்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும். கோபம் வந்தவன் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பான்.

விசிலுக்கு ஒரே பொருள்

நம் கிரவுண்டில் விசில் ‘ஆரம்பி’க்கும் அடிக்கிறது, ‘நிறுத்து’க்கும் அடிக்கிறது, ‘டேய் அங்கே என்ன’வுக்கும் அடிக்கிறது. கவனம் சிதறும் பிள்ளை இதை எப்படிப் பிரித்தறிவான்? ஒரு நீண்ட விசில் என்றால் நிற்க வேண்டும், கையில் உள்ளதைத் தரையில் வைக்க வேண்டும், ஒரு அடி பின்னால் வர வேண்டும். தொடங்குவதற்கு வாயால் ‘ரெடி, போ’.

ஒரு அடி பின்னால் வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பந்து கையில் இருக்கும்வரை தட்டிக்கொண்டேதான் இருப்பான். ‘பந்தை வைடா’ என்று நான்கு முறை கத்துவீர்கள், ஐந்தாவது முறை பிடுங்குவீர்கள், அங்கே தொடங்கும் அன்றைய சண்டை. பந்து தரையில், கால் ஒரு அடி பின்னால் என்றால் பிடுங்க எதுவும் இல்லை. முதல் வாரம் ஒவ்வொரு பீரியடிலும் இதையே ஒரு விளையாட்டாக 8, 10 முறை செய்யுங்கள்: ஓடவிட்டு விசில், 3 விநாடிக்குள் 40 பேரும் நின்றால் வகுப்புக்கு ஒரு புள்ளி. ஆட்டம் எதுவும் சொல்லித்தராமல் ஒரு வாரம் போகிறதே என்று பதற வேண்டாம். மீதி வருடம் முழுக்க இதில் மிச்சமாகும் நேரம் அதைவிட அதிகம்.

45 நிமிடத்தை வெட்டிப் பிரிப்பது

பிள்ளைகள் கிரவுண்டில் கால் வைத்த நொடியே செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். வருகைப்பதிவு எடுத்து, வரிசை சரிபார்த்து, அட்டென்ஷன் சொல்லித் தொடங்குவது பழக்கம்; ஆனால் 40 நிமிடம் வகுப்பில் அடைந்திருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த 6 நிமிட நிற்றல் தாங்காது. வாசலில் சிலேட்டுப் பலகையில் எழுதி வையுங்கள்: ‘கோன்களைச் சுற்றி 2 ரவுண்டு. கயிறு 30. வீடு.’ அவர்கள் அதைச் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் பதிவு எடுத்துவிடலாம்.

அடுத்து விளக்கம், 40 விநாடிக்கு மேல் போகாமல். ஒரு முறைக்கு ஒரே விஷயம், சொல்வதோடு செய்து காட்ட வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டுமானால் அந்தத் துடிப்பான பிள்ளையை முதலில் கேட்காதீர்கள். இரண்டு பேர் சொன்ன பிறகு மூன்றாவதாகக் கேளுங்கள். சரியாகச் சொல்லிவிடுவான், அவனுக்கும் ஒரு வெற்றி.

அதன் பிறகு 10 நிமிடம் மூச்சு வாங்கும் ஓட்டம், 18 நிமிடம் சுற்று நிலையங்கள் அல்லது சிறு ஆட்டம், 6 நிமிடம் தணிப்பு. மீதி, வந்துபோகும் நேரம். 20 நிமிடம் அளவுக்கு மிதமாக ஓடி ஆடிய பிறகு ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளின் கவனம் கொஞ்ச நேரத்துக்குக் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கணக்கு வாத்தியாரிடம் சொல்லிப் பாருங்கள், பி.டி. பீரியடைக் கடன் கேட்டு வருபவர், தன் பீரியடுக்கு முன்னால் பி.டி. வரும்படி டைம்டேபிளை மாற்றக் கேட்கலாம்.

சுற்று நிலையங்கள் என்றால் 8 இடம், இடத்துக்கு 5 பேர், 90 விநாடி வேலை, 30 விநாடி மாறுதல். ஒரு முழுச் சுற்றுக்கு 16 நிமிடம். கயிறு தாண்டல், சுவர்ப்பந்து, வளைந்தோட்டம், பாண்டிக் கட்டம், இருவர் இழுக்கும் கயிறு, வளையம் எறிதல், மணல் நிரப்பிய பந்தைத் தூக்கி நடப்பது, தண்ணீர். 5 பேருக்கு 5 கயிறு இருக்க வேண்டும். 5 பேருக்கு ஒரு கயிறு என்றால் 4 பேர் சும்மா நிற்கிறார்கள், அதாவது நீங்களே ஒரு இடைவெளியை உண்டாக்கிவிட்டீர்கள். கயிறு பற்றாக்குறையா? அந்த நிலையத்தைக் கயிறே வேண்டாத குதிப்பாக மாற்றுங்கள். மாறும் திசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்.

தணிப்பு 6 நிமிடத்தைத் தின்றுவிடாதீர்கள். வேர்த்து விறுவிறுத்த பிள்ளைகளை நேராக வகுப்புக்கு அனுப்பினால் மாடிப்படியில் அடிதடி நடக்கும், பழி பி.டி. பீரியட் மேல் விழும். மெதுநடை ஒரு ரவுண்டு, உட்கார்ந்து நீட்டல், 3 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுவது எட்டு முறை. பிறகு 8 பேராக, எண் வரிசையில், தண்ணீருக்கு.

அணி பிரிப்பது, தோற்பது, தொடுவது

இரண்டு கேப்டன்களை நிறுத்தி ‘ஆளெடு’ என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசியாக மிஞ்சுபவன் எப்போதும் அதே பிள்ளைதான். 39 பேர் பார்க்க ‘ஐயோ இவன் நமக்கு வேண்டாம்’ என்பதைக் கேட்டபடிதான் அவன் ஆட்டத்துக்குள் வருகிறான். பிறகு நல்லபடி விளையாடு என்றால் எப்படி? வீட்டு எண்ணின் ஒற்றை, இரட்டை போதும். பிறந்த மாதம் போதும். சிறு குழுவானால் சா பூ த்ரீ போட்டுவிடலாம், பிள்ளைகளே அதற்குக் கட்டுப்படுவார்கள்.

அவுட் ஆனவன் வெளியே உட்காரும் ஆட்டங்களில் முதலில் அவுட் ஆவது, அதிகம் விளையாட வேண்டிய பிள்ளை. வெளியே உட்கார்ந்த 10 நிமிடமும் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டும். அவுட் ஆனால் 10 முறை கயிறு தாண்டிவிட்டு உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால் போதும்.

கோ கோவைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். துரத்துபவர் பின்னாலிருந்து வந்து முதுகில் தட்டி ‘கோ’ என்று சொன்னதும் எழுந்து ஓட வேண்டும். வேகமாக ஓடி வந்த கை முதுகில் படும்போது அது தட்டாக இருப்பதில்லை, அறையாக இருக்கிறது. குந்தியிருப்பவன் முன்னால் மண்ணில் கை ஊன்றி விழுகிறான். திடீர்த் தொடுதலைத் தாங்காத பிள்ளைக்கு இதைவிட மோசமான இடம் இல்லை: தொடுபவனைப் பார்க்க முடியாது, எப்போது தொடுவான் என்று தெரியாது, தொட்டால் வலிக்கும். எழுந்ததும் எதிராளியைத் துரத்தாமல் தன் அணிக்காரனையே அடிக்கிறான் என்றால் காரணம் இதுதான். மாற்று எளிது. முதலில் குரல், பிறகு கை: ‘கோ’ என்ற சத்தம் முன்னால், இரண்டு விரல் நுனி தோள்பட்டையில் பின்னால். இதை நடந்துகொண்டே 20 முறை பழக்கிய பிறகுதான் ஓட்டம். வரிசையில் எட்டுக்குப் பதில் ஐந்து பேர், ஒன்றுக்குப் பதில் இரண்டு களம் என்றால் குந்தும் நேரமும் பாதியாகும். அந்தப் பிள்ளையை முதல் நாள் ஓடுபவர் பக்கம் போடுங்கள். பிடிபட்டாலும் தொடுதல் அவன் எதிர்பார்த்ததாக இருக்கும்.

கபடியில் பிடிதான் பிரச்சினை. பேன்ட் பக்கவாட்டில் 40 செ.மீ. ரிப்பன் ஒன்று தொங்கும்படி செருகி, ஆளைப் பிடிப்பதற்குப் பதிலாக ரிப்பனை உருவினால் அவுட் என்று வையுங்கள். ‘தொட்டேன்’, ‘தொடவில்லை’ என்ற தகராறே எழாது. ரிப்பன் யார் கையில் இருக்கிறதோ அதுதான் சாட்சி. ரைடு 30 விநாடியில் முடிவதால், பொறுமை குறைந்த பிள்ளைகளுக்குக் கபடி உண்மையில் நல்ல ஆட்டம். ஒன்றரை மாதம் ரிப்பனோடு ஆடியவர்களிடம் மெதுவாகப் பிடியைக் கொண்டுவரலாம்.

வளையப்பந்து இந்தப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்ற ஆட்டம். நடுவில் வலை, அவரவர் பக்கம் அவரவருக்கு, உடம்பு உரசல் இல்லை, வளையம் பந்தைப்போலத் துள்ளி ஓடாது, பிடிக்கவும் சுலபம். இருவருக்கு ஒரு வளையம், 3 மீட்டர் இடைவெளி. யார் ஜெயித்தார் என்பதற்குப் பதில் ‘இரண்டு பேரும் சேர்ந்து கீழே விடாமல் எத்தனை’ என்று எண்ணச் சொன்னால், தோல்வியைத் தாங்காத பிள்ளையும் கடைசி வரை நிற்கும். நேற்று 7, இன்று 11 என்று அவனே வந்து சொல்வான்.

தோற்பதையும் சொல்லித்தரத்தான் வேண்டும். முதலில் ஒரு நிமிட ஆட்டங்கள், பீரியடுக்கு ஐந்தாறு. எல்லோரும் இரண்டு முறையாவது தோற்பார்கள், இரண்டு முறையாவது ஜெயிப்பார்கள். 20 நிமிட ஆட்டம் ஒன்றே ஒன்று வைத்து அதில் தோற்றால், அந்தக் கசப்போடு அடுத்த பீரியடுக்குப் போவான்.

எப்படிப் பேசுவது

எல்லோர் முன்பும் பெயர் சொல்லித் திட்டுவதை நிறுத்தினாலே பாதிச் சண்டை நிற்கும். அருகில் போய், பக்கவாட்டில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே நின்று விரல் நீட்டினால் அவனும் நிமிர்ந்து நிற்பான்.

‘ஏன்டா இப்படிப் பண்ணின?’ என்ற கேள்வியால் பயன் இல்லை. பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. தெரிந்தாலும் மற்றவன் மேல் பழி போடுவதில்தான் முடியும். பதிலாக, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டாக வைத்துக் கேளுங்கள்.

‘தம்பி, கயிறா, சுவர்ப்பந்தா? எது வேணும்?’

‘ரெண்டும் வேணாம் சார்.’

‘சரி, அஞ்சு எண்ணுற வரைக்கும் யோசி. நான் அந்தப் பக்கம் போயிட்டு வர்றேன்.’

சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால், கீழ்ப்படிவது அவனுக்குத் தோல்வியாகிவிடும். நீங்கள் திரும்பியதும் கயிற்றை எடுத்திருந்தால், முனகிக்கொண்டே எடுத்திருந்தாலும், ‘கயிறு எடுத்தியா, சரி’ என்று மட்டும் சொல்லுங்கள். முனகலைக் காதில் வாங்காதீர்கள்.

பாராட்டும்போது ‘குட் பாய்’ என்பது எங்கும் ஒட்டாது. ‘பந்து மேல பட்டும் திருப்பி அடிக்கல, கவனிச்சேன்’ என்று எதைச் செய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டாவது இருக்கட்டும். சட்டைப் பையில் 10 புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, ஒரு பாராட்டுக்கு ஒன்றாக அடுத்த பைக்கு மாற்றிப் பாருங்கள். நாம் எவ்வளவு குறைவாகப் பாராட்டுகிறோம் என்பது முதல் நாளே தெரியும்.

கவனத்துக்காக மட்டும் செய்யும் சிறு சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் விடத் தொடங்கிய முதல் சில நாளில் அது குறையாது, கூடும். இதுவரை கிடைத்தது கிடைக்கவில்லையே என்று இன்னும் சத்தமாகச் செய்து பார்ப்பான். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் நீங்கள் கத்தினால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். யாருக்காவது அடி படும் செயல் இந்தக் கணக்கில் சேராது, அதை உடனே நிறுத்த வேண்டும்.

வெடித்துவிட்டால்

வெடிப்பு திடீரென்று வருவதில்லை. முன்னால் அறிகுறி உண்டு: ஒருவன் முஷ்டியை இறுக்குவான், ஒருவன் சட்டைக் காலரைக் கடிப்பான், ஒருத்தி பேச்சையே நிறுத்திவிடுவாள். உங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் அந்த அறிகுறி எழுதியிருக்க வேண்டும். அப்போது ஒரு வேலை கொடுத்து இடம் மாற்றினால் அதோடு போய்விடும்: ‘தம்பி, ஆபீஸ் ரூம்ல சுண்ணாம்புப் பை இருக்கு, எடுத்துட்டு வா.’

உச்சத்துக்குப் போய்விட்டால் அவனை நகர்த்தாதீர்கள், மற்றவர்களை நகர்த்துங்கள். நிற்பதற்கான நீண்ட விசிலிலிருந்து வேறாக, இரண்டு குறு விசில் என்றால் எல்லோரும் தூரத்து மரத்தடிக்குப் போய் உட்கார வேண்டும் என்று முன்பே பழக்கியிருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத சண்டை சீக்கிரம் சோர்ந்துவிடும். நீங்கள் இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள், கையைத் திறந்து வையுங்கள், பேச்சைக் குறையுங்கள். ‘நான் இங்கதான் இருக்கேன்’ என்பதற்கு மேல் அப்போது எதுவும் மண்டையில் ஏறாது. இழுப்பது, மடக்கிப் பிடிப்பது கூடாது; சாலைக்கு ஓடுகிறான், கல்லை ஓங்கிவிட்டான் என்ற அளவு ஆபத்து என்றால் மட்டும் தடுக்கலாம், அதுவும் ஆபத்து விலகும் வரைதான். கேட் பூட்டியிருக்கிறதா என்பது பீரியட் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய விஷயம்.

அடங்கியது போலத் தெரிந்ததும் ‘வா, சாரி சொல்லு’ என்று இழுத்துப் போகிறோம். அங்கேதான் இரண்டாவது வெடிப்பு. உடம்பு முழுதாகத் தணிய 20, 30 நிமிடம் ஆகும். தண்ணீர் கொடுத்து, கோன் அடுக்குவது போன்ற லேசான வேலை கொடுத்து விடுங்கள். பேச்சை அடுத்த நாள் காலை வையுங்கள். நோட்டின் மூன்று பத்தியையும் அவனோடு சேர்ந்து நிரப்பினால், அவன் சொல்வதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று நிச்சயம் இருக்கும்.

புள்ளி அட்டை

ஒரு சிறு அட்டை, மூன்றே இலக்கு: விசிலுக்கு நின்றேன், கையை என்னிடமே வைத்துக்கொண்டேன், கடைசி வரை விளையாடினேன். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் 6. முதல் இரண்டு வாரம் 3 எடுத்தாலே பரிசு. முதல் நாளே 6 கேட்டால் இரண்டாம் நாள் அட்டையைக் கிழித்துப் போடுவான். பரிசுக்கு மிட்டாய் வேண்டாம்: கடைசி 5 நிமிட ஆட்டத்தை அவனே தேர்ந்தெடுக்கலாம், ஸ்கோர் எழுதலாம். பந்துப் பையைச் சுமக்கும் பொறுப்பும் நல்ல பரிசுதான், ஆனால் எப்போதும் சுமந்துகொண்டே இருந்து விளையாடாமல் போகும் நிலை வரக்கூடாது. சம்பாதித்த புள்ளியை எக்காரணம் கொண்டும் திரும்பப் பிடுங்காதீர்கள்.

வகுப்பை அணிகளாகப் பிரித்து அணிக்கு அணி புள்ளி வைப்பது 1969இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்துப் பார்த்த முறை, இன்றும் வேலை செய்கிறது. ஆனால் அதில் ஒரு குழி உண்டு. ஒருவன் வேண்டுமென்றே அணியைத் தோற்கடித்தால் அணியில் மற்ற எல்லோரும் இடைவேளையில் அவனைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவனைக் கொஞ்ச நாள் அவன் ஒருவனையே ஒரு அணியாக்கிவிடுங்கள். கெடுக்க அணி இல்லாதபோது கெடுப்பதில் சுகமும் இல்லை.

அமெரிக்க உடற்கல்வியாளர் டான் ஹெலிசன், சிக்கலான சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1970களிலிருந்து உருவாக்கிய ஐந்து படியும் அட்டைக்கு அடுத்த கட்டமாகப் பொருந்தும்: பிறரை மதிப்பது, முயல்வது, ஆசிரியர் பார்க்காதபோதும் தானாகச் செய்வது, இன்னொருவருக்கு உதவுவது, கடைசியில் இதையெல்லாம் கிரவுண்டுக்கு வெளியே கொண்டுபோவது. பீரியட் முடிவில் ‘இன்னைக்கு எந்தப் படி?’ என்று கேட்டு விரல் காட்டச் சொன்னால் அரை நிமிடம்தான் ஆகும். தவறாகக் காட்டினாலும் திருத்தாதீர்கள்.

செய்யவே கூடாதவை

வகுப்பில் சேட்டை செய்ததற்காக பி.டி. பீரியடை வெட்டுவது பசித்தவனைச் சாப்பாட்டிலிருந்து நிறுத்துவது போல. 5 முதல் 17 வயது வரை தினம் 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒரு பீரியடைத் தவிர வேறு வாய்ப்பே இல்லை. மற்ற ஆசிரியர்களிடம் இதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதே உறுதியோடு, கிரவுண்டைச் சுற்றி 10 ரவுண்டு, தோப்புக்கரணம், முட்டி போடுவது ஆகியவற்றையும் நிறுத்த வேண்டும். ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டு அடுத்த நாள் ஆசையாக ஓடு என்று சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

தனியாகச் சுமக்க வேண்டாம்

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். மூன்று பத்தி நோட்டை எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை எளிது. 18 வயது வரையிலான பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம். உதவி எண்கள்: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல உதவிக்கு 14416, வீட்டில் அடி, துன்புறுத்தல் சந்தேகம் இருந்தால் 1098. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.ஹெச்.டி. தனிப் பெயராக இல்லை. அதனால் பல பிள்ளைகள் கையில் அடையாள அட்டை இருக்காது. மேலே சொன்ன எதற்கும் அந்த அடையாள அட்டை தேவையில்லை. இதுவரை சாதுவாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், உடம்பில் காயம் தெரிந்தால், ஓட்டத்தில் மயங்கினால் அன்றே தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆறு வாரம் கழித்து நோட்டை எண்ணுங்கள். வாரத்துக்கு 9 சம்பவம் 5 ஆகியிருந்தால் திட்டம் வேலை செய்கிறது, கை வைக்காதீர்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தால் மூன்றாவது பத்தியை மறுபடி படியுங்கள். தேவை எது என்பதை நாம் தவறாகக் கணித்திருப்போம். காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் வாரம் எல்லாம் பழையபடி கலைந்திருக்கும். அந்த வாரத்துக்குப் புது ஆட்டம் எதுவும் திட்டமிடாமல், வீட்டுப் புள்ளிகளுக்குச் சுண்ணாம்பு போட்டு, விசில் பயிற்சியை முதலிலிருந்து தொடங்குங்கள்.